தராசில் ஏறாத எடை

இரண்டு பவுண்டு மனித உடம்பு என்ன விலை தெரியுமா? ஆறு லட்சம் டாலர்!

பதறாதீங்க. நான் சொல்வது குத்துச்சண்டை சமாசாரம்.

2009 செப்டம்பரில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஃப்ளாய்ட் மேவெதரும் மெக்ஸிகோ வீரர் யுவான் மானுவல் மார்க்கேஸும் மோதினார்கள். மார்க்கேஸ் 135 பவுண்டு பிரிவின் சாம்பியன். மேவெதர் 147 பவுண்டில் ஆடிப் பழகியவர். இரண்டுக்கும் நடுவே 144 என்று பேசி முடித்தார்கள். எடை பார்த்த அன்று மார்க்கேஸ் 142. மேவெதர் 146! பவுண்டுக்கு மூணு லட்சம் டாலர் வீதம் அபராதம். மேவெதர் கட்டினார். மறுநாள் பன்னிரண்டு சுற்றும் மார்க்கேஸைத் திணறடித்து ஜெயித்தார்.

அபராதம் என்றால் என்ன? ‘செய்யாதே’ என்று சொல்வது. பணம் கொழிக்கிறவர் கைக்குப் போனதும் அதே அபராதம் விலைச்சீட்டாகிவிடுகிறது. ‘இவ்வளவு கட்டினால் தாராளமாகச் செய்யலாம்!’

‘‘ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுத்தானே இறங்கினாங்க... இதில் என்ன அநியாயம்?’’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

பெரிய சண்டைகளின் முதல் சுற்று மேடையில் நடப்பதில்லை. பேரம் பேசும் மேஜையில் நடக்கிறது. எடை எவ்வளவு, எந்த ஊர், வரும்படியில் யாருக்கு எத்தனை பங்கு... எல்லாம் அங்கேதான் முடிவாகும். அந்த மேஜையில் யார் பலசாலி? ஜனங்கள் யார் முகத்துக்காக டிக்கெட் வாங்குகிறார்களோ, அவர். ‘வேணாம்னா விடுங்க, வேற ஆளைப் பார்த்துக்கறேன்’ என்று எழுந்து போக முடிந்தவர். அந்த எடையைக் காட்டும் முள் எந்தத் தராசிலும் கிடையாது.

அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு சண்டை. 147 பவுண்டு பிரிவில் பட்டம் வைத்திருந்தவர் மிகேல் காட்டோ. எதிரே மேனி பாக்கியாவ். ஒப்பந்த எடை 145! பட்டம் வைத்திருப்பவர் இளைத்து வர வேண்டும், அதைப் பறிக்க வருகிறவருக்காக. பாக்கியாவ் உருவத்தில் சின்னவர், அதனால் அது நியாயமே என்று வாதாடலாம். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், மார்க்கேஸும் சின்னவர்தானே? அவருக்கு ஏன் அந்த 144 கடைசிவரை நிற்கவில்லை? சின்னவர், பெரியவர் என்பதல்ல கணக்கு. வல்லான் வகுத்ததே வாய்க்கால்!

வெறும் பண விவகாரம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், எடைப் பிரிவுகள் இருப்பதே மண்டையைக் காப்பாற்றத்தான். 2000 பிப்ரவரி, நியூயார்க்கில் ஆர்ட்டுரோ காட்டிக்கும் ஜோயி கமாஷுக்கும் சண்டை. ஒப்பந்த எடை 141 பவுண்டு. எடை பார்த்த விதத்திலேயே தகராறு. மறுநாள் டி.வி-காரர்கள் தராசில் ஏற்றிப் பார்த்தபோது கமாஷ் 145, காட்டி 160! இரண்டாவது சுற்றிலேயே கமாஷ் சுருண்டு விழுந்தார். மூளையில் பாதிப்பு. அதன்பின் அவர் மேடை ஏறவே இல்லை. வழக்குப் போட்டார். எடை பார்த்த அரசு ஆணையம் அலட்சியமாக நடந்துகொண்டது என்று 2010-ல் நீதிபதி சொன்னார். ஆனால், நஷ்டஈடு? ஒரு டாலர்கூடக் கிடையாது.

அதனால்தான் எனக்குத் தோன்றுகிறது... சில எல்லைகளைப் பேரத்துக்கு வைக்கவே கூடாது. இன்னொருத்தன் உயிரைக் காக்கிற எல்லையை மீறிவிட்டு, அதற்குக் காசு கட்டினால் கணக்குத் தீர்ந்துவிடாது.

சரி, குத்துச்சண்டை நமக்கெதுக்கு? ‘‘ஒத்துக்கிட்டுத்தானே வந்தாங்க!’’ இந்த வாக்கியத்தை நீங்களும் நானும் எத்தனை முறை சொல்லியிருப்போம்? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளத்தைப் பேசும்போது, புதிதாகச் சேர்ந்த பையனை ராத்திரி பத்து மணி வரை உட்கார வைக்கும்போது, கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம் பட்டியல் நீட்டும்போது... எதிராளி தலையாட்டிவிட்டால் போதும், நம் மனசாட்சி நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறது.

அடுத்த முறை தூங்கவிடாதீங்க. அவர் ‘சரி’ சொன்னாரா என்று மட்டும் பார்க்க வேண்டாம். ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால், அன்றைக்கு ராத்திரி அவர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா? அதையும் கேட்டுவிட்டு அப்புறம் பேரத்தை முடியுங்கள்.