காண்டல், கருதல், உரை: சைவ சித்தாந்தம் காட்டும் மூன்று அளவைகள்

அரிசியை அளக்கக் கொத்து வேண்டும். துணியை அளக்க முழக்கோல் வேண்டும். பொன்னை நிறுக்கத் தராசு வேண்டும். கருவி பிழைத்தால் கணக்கும் பிழைத்துவிடும். அவ்வாறே ஒருவன் பெற்றிருக்கும் அறிவு மெய்யறிவுதானா என்று அளந்து பார்ப்பதற்கும் கருவி உண்டு. அதனையே சைவப் பெரியோர் ‘அளவை’ என்றனர். வடமொழியில் அது ‘பிரமாணம்’ எனப்படும்.

மெய்கண்ட தேவரின் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை அருளிச் செய்தார். அந்நூலின் சுபக்கம் பதி, பசு, பாசம் பற்றி விரித்துரைக்கின்றது. ஆயினும் இறைவன் உளன் என்று நிறுவப் புகுவதற்கு முன்னரே ஆசிரியர் அளவை இலக்கணத்தை வகுத்து வைத்துள்ளார். “நான் சொல்வதை நம்பு” என்று அவர் தொடங்கவில்லை. “எதனை எதனால் அறியலாம் என்பதை முதலில் தெரிந்துகொள்” என்றே தொடங்குகிறார். சைவம் கேள்விக்கு அஞ்சும் சமயம் அன்று என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

அளவைகள் எத்தனை என்பதில் சமயங்களுக்குள் ஒற்றுமை இல்லை. உலகாயதர் காட்சி ஒன்றையே கொள்வர். பௌத்தர் காட்சி, அனுமானம் என்னும் இரண்டையும், நையாயிகர் அவற்றோடு உவமானம், சொல் ஆகியவற்றையும் சேர்த்து நான்கையும் கொள்வர். பத்து என்பாரும் உளர். மணிமேகலைக் காப்பியத்தில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையிலும் அப்பத்தும் பேசப்படுகின்றன. அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பதே சித்தாந்தத்தின் முடிபு.

இவற்றுள் முதலாவது காண்டல். கோயிலில் தீபாராதனை நடைபெறுகிறது. கூட்டத்தின் பின்னால் நிற்கும் சிறுமி எட்டிப் பார்க்கிறாள். முதலில் ஏதோ ஒளிர்வது மாத்திரமே தெரிகிறது. பெயரும் வகையும் தெரியாத இந்நிலை நிருவிகற்பக் காட்சி. அடுத்த கணம், ‘இது அடுக்குத் தீபம்’ என்று பெயரோடும் வகையோடும் அறிகிறாள். இது சவிகற்பக் காட்சி. கண் தந்ததை அறிவு வகுத்துக்கொண்ட பின்னரே காட்சி முழுமை பெறுகிறது.

மேல்நாட்டு மெய்யியலாளரும் இதனைப் பற்றி நெடுங்காலம் வாதிட்டனர். பிரான்சு தேசத்து டெகார்ட் (1596–1650) புலன்களை ஐயுற்றுப் பகுத்தறிவை முதலாகக் கொண்டார். இங்கிலாந்தின் ஜோன் லொக் (1632–1704) அனுபவமே அறிவுக்கு ஊற்று என்றார். ஜேர்மனியரான இம்மானுவேல் கான்ட் 1781இல் வெளியிட்ட நூலில், புலன் தருவதும் அறிவு வகுப்பதும் கூடினாலன்றி அறிவு பிறவாது என்று விளக்கினார். கண்ணும் அறிவும் கூடியே காண்கின்றன என்ற உண்மையை, எங்கு பிறந்தவராயினும் ஆராய்ந்து சென்றோர் கண்டுகொண்டனர்.

எனினும் காட்சி எப்பொழுதும் மெய்யாகாது. அந்திப் பொழுதில் தூரத்தே நிற்பது கட்டையோ மனிதனோ என்று மயங்குவது ஐயம். கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபு. இவ்விரு குற்றமும் நீங்கியதே உண்மைக் காட்சி. ஆகவே, “என் கண்ணால் கண்டேன்” என்பது மட்டும் போதிய சான்று ஆகாது.

இரண்டாவது கருதல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது இது. மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று துணிவது நூல்கள் கூறும் உதாரணம். கிராண்ட்பாஸ் மக்களுக்கு இதனினும் அணித்தான உதாரணம் களனி கங்கை.

சிவனொளிபாதமலைச் சாரலில் தோன்றும் இந்நதி சுமார் 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்பின் வடக்கே கடலோடு கலக்கிறது. மேலே கிளென்கோர்ஸ், ஹன்வெல்ல முதலிய இடங்களிலும், கீழே நாகலகம் வீதியிலும் அதன் நீர்மட்டம் அளக்கப்படுகிறது. மலையில் பெய்த மழை வெள்ளமாகிக் கொழும்பை வந்தடையப் பல மணித்தியாலங்கள் செல்லும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது, மழை தணிந்த பின்னரும் களனியின் நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

அத்தகைய வேளையில் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பவன், ‘மழை விட்டுவிட்டது, பயமில்லை’ என்று எண்ணக்கூடும். அவன் கண் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் காட்சியோடு நின்றுவிட்டான். மேலே நீர் ஏறினால் கீழேயும் ஏறும் என்று கருதுபவன் பிள்ளைகளையும் முதியோரையும் மேட்டுக்கு அழைத்துச் செல்கிறான். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்டு நடப்பவன் மூன்றாம் அளவையாகிய உரையைக் கைக்கொள்கிறான். ஏட்டில் உள்ள மூன்று அளவைகளும் உயிர் காக்கும் துணையாக நிற்பதை இங்கே காணலாம்.

கருதலிலும் பிழை நேர்வதுண்டு. 1995 செப்டெம்பர் 21ஆம் திகதி இந்தியாவிலும் பிற நாடுகளிலும் பிள்ளையார் திருவுருவங்கள் பால் அருந்துவதாகச் செய்தி பரவி, கோயில்களில் பெருங்கூட்டம் திரண்டது. துதிக்கையில் கரண்டியை வைத்ததும் பால் குறைந்ததைப் பலர் கண்டனர். அக்காட்சி பொய்யன்று. இந்திய அறிவியலாளர்கள் நிறம் கலந்த பாலைக் கொடுத்துப் பார்த்தபோது, அது திருவுருவத்தின் மேற்பரப்பில் மெல்லிய படலமாக வழிந்தமை தெரியவந்தது. குறைந்தது பால் என்பது காட்சி. அருந்தினார் என்பது கருதல். அக்கருதலே ஆராயப்பட வேண்டியதாயிற்று.

இதனால் விநாயகப் பெருமானின் பெருமைக்கு எள்ளளவும் குறைவில்லை. ஒரு கரண்டிப் பாலில் தங்கியிருக்கும் பக்தி, அந்தப் பால் வழிந்தோடும்போது தானும் வழிந்தோடிவிடும். ஆராய்ந்து தெளிந்த பக்தியோ அசையாது. கோயிலுக்கு வரும் பிள்ளை, “ஏன் இப்படிச் செய்கிறோம்?” என்று கேட்டால், “சாமிக் குற்றம், வாயை மூடு” என்று அதட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வாறு அதட்டப்பட்ட பிள்ளை அன்று வாயை மூடிக்கொள்ளும், நாளை கோயிலுக்கு வருவதையும் நிறுத்திக்கொள்ளும். விடை தெரிந்தால் சொல்வதும், தெரியாவிட்டால் அறிந்தவரிடம் அழைத்துச் செல்வதுமே பெற்றோர் கடன்.

மூன்றாவது உரை. ஒருவன் தான் பிறந்ததைத் தான் கண்டதில்லை. பிறந்த திகதியைக் கருதியும் அறிய இயலாது. தாய் தந்தையரின் சொல்லும் பிறப்புச் சான்றிதழுமே அதற்கு ஆதாரம். காட்சி ஒன்றே போதும் என்னும் உலகாயதனும் தன் பிறந்த நாளை இவ்வாறே அறிகிறான். ஆனால் எவர் சொன்னாலும் அது உரையளவை ஆகிவிடாது. சொல்பவர் அறிந்தவராகவும், தன்னலமும் வஞ்சகமும் அற்றவராகவும் இருத்தல் வேண்டும். கைத்தொலைபேசியில் வந்துவிழும் வதந்தியும், பரிகாரம் என்று சொல்லிப் பணம் பறிப்போரின் வாக்கும் இதில் அடங்கா. குற்றமற்ற இறைவன் அருளிய நூலே மேலான உரை. அது தந்திரம், மந்திரம், உபதேசம் என மூவகைப்படும் என்று சித்தியார் கூறுகிறது.

இவ்வளவை நூலாராய்ச்சியில் ஈழநாட்டுக்கும் சிறந்த பங்குண்டு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தோன்றிய ஞானப்பிரகாச முனிவர் 17ஆம் நூற்றாண்டினர். போர்த்துக்கேய அதிகாரிகளுக்கு உணவாகப் பசுவைக் கொடுக்க வேண்டிய முறை தமக்கு வந்தபோது, அதற்கு உடன்படாது இரவோடிரவாக ஊரை நீங்கினார் என்பது மரபுவழிச் செய்தி. வடதேசம் சென்று வடமொழியும் தர்க்கமும் பயின்று, பின்னர் சிவஞான சித்தியாருக்கு உரையும், பிரமாண தீபிகை முதலிய வடமொழி நூல்களும் இயற்றினார். சிதம்பரத்தில் அவர் அமைத்த திருக்குளம் அவர் பெயரால் வழங்குகிறது. தர்க்கம் கற்றதால் அவர் பக்தி குன்றவில்லை. பக்தி மிகுந்ததால் தர்க்கத்தை வெறுக்கவும் இல்லை.

இம்மூன்று அளவைகளையும் கையாள்வது எது என்பது எஞ்சியுள்ள வினா. கண் தானாகக் காணாது. உயிர் பிரிந்த உடலிலும் கண் உண்டு, ஆனால் காட்சி இல்லை. ஆகவே ஆன்மாவின் அறிவாற்றலாகிய சிற்சத்தியே உண்மையான அளவை என்பது சித்தாந்தத் துணிபு. அந்த ஆன்மாவும் தானே தனித்து அறியவல்லது அன்று. கண் இருந்தும் ஒளி இல்லையேல் பொருள் தோன்றாதது போல, ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு இறைவனே உடனிருந்து காட்டுகிறான். காட்டுவதோடு அமையாது உயிரோடு கூடிநின்று காணவும் செய்கிறான். காண்பதும் கருதுவதும் மனிதன் முயற்சி. அவற்றை மெய்யறிவாக விளங்கச் செய்வது திருவருள்.

ஆகையால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும், கண்ணுக்குத் தெரிந்தது மட்டுமே உண்டு என்று சாதிப்பதும் சைவநெறி ஆகா. நன்றாகப் பார்த்து, நிதானமாகக் கருதி, நல்லோர் உரையைக் கேட்டு, “அறிவித்தால் அறிவேன்” என்னும் பணிவோடு அடியார்கள் திருச்சந்நிதியில் நிற்பார்களாக. அவ்வாறு நிற்கும் உள்ளங்களில் எல்லாம்வல்ல பரம்பொருள் மெய்யறிவுச் சுடரை ஏற்றியருள்வானாக.

திருச்சிற்றம்பலம்