ஓடாத நாளில் யார்?



போன மாதம் ஒரு மாலையில், சிப்காட் இரும்பு உருக்காலையில் வேலை பார்க்கும் ஒருவர் அறைவீட்டுக்கு வந்தார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதல்ல, வராந்தாவில் உட்கார்ந்து சொன்னது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆறு வருடமாக ஓடுகிறார். இரத்தத்தில் சர்க்கரை என்று வைத்தியர் பயமுறுத்தியதால் தொடங்கியது. இரவு ஷிப்டு முடிந்ததும், வெயில் ஏறுமுன் நெடுஞ்சாலை ஓரமாகக் கவரைப்பேட்டை வரை போய்வருவார். இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒரு வருடம் ஓடக்கூடாதாம். "சாமி, ஓடுகிறவன் என்று இருந்தேன். ஓடாவிட்டால் நான் யார்?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அது பிழை என்று இராத்திரி படுக்கையில்தான் உறைத்தது.

யோசித்துப் பாருங்கள். ஷிப்டு ஆலை குறித்தது. சாப்பாடு பசி கேட்பது. தபசுகால ஒருசந்தியோ திருச்சபை விதித்தது. அந்த மனிதர் வாழ்க்கையில் யாரும் ஏவாமல் அவரே தெரிந்துகொண்டது இந்த ஓட்டம் ஒன்றுதான். ஆலையில் அவர் ஒரு டோக்கன் நம்பர். சாலையில்தான் பெயருள்ள மனிதர். அதைப் பிடுங்கினால் வலிக்காதா?

பழக்கம் ஒரே செயலால் உண்டாவதில்லை, திரும்பத் திரும்பச் செய்து இரண்டாம் சுபாவமாகிறது என்பது அர்ச். தோமாஸ் அக்வினாஸ் போதனை. முதல் வாரம் அவர் ஓட்டத்தைச் செய்தார். ஆறாம் வருடத்தில் ஓட்டம் அவரைச் செய்திருந்தது. இதில் குற்றமில்லை. பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் வாலிபத்தில் ஆல்ப்ஸ் மலையேறியவர். 2019-இல் வத்திக்கானிலேயே குருக்களும் கன்னியரும் சுவிஸ் காவலரும் சேர்ந்த ஓட்டக் குழு ஏற்பட்டது. அர்ச். சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதுகையில் ஓட்டப்பந்தயத்தையே உவமையாக எடுத்தார். அந்த ஊர்ப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கொரு முறை பந்தயம் நடக்கும். ஜனங்களுக்கு உடனே புரியும்.

ஆனால் அவர் மனைவி சொன்னதையும் கேட்க வேண்டும். சென்னையில் ஓட்டம் என்று நாலு ஞாயிறு பூசை போயிற்று. மகள் புதுநன்மை வாங்கும் நாளிலும் அவர் வந்தது பிந்தித்தான். தானாகத் தெரிந்துகொண்ட நேசம் வீட்டாரிடம் கேளாமலே அவர்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளும். இதை அவரிடம் சொன்னேன். மறுக்கவில்லை.

சென்னையின் முன்னாள் மேயர், 2021-இல் சுகாதார அமைச்சரான திரு. மா. சுப்பிரமணியனைச் சுட்டிக்காட்டினார். விபத்தில் முழங்கால் நொறுங்கியும், 21 கிலோமீட்டர் அரை மராத்தான் நூற்றுக்கு மேல் ஓடியவர். மெய்தான். ஆனால் எல்லா முழங்காலும் ஒரே முழங்காலல்லவே! நான் பவ்ஜா சிங்கை நினைத்தேன். பஞ்சாப் விவசாயி. மனைவி 1992-இல் இறந்தார்; இரண்டு வருடத்தில் மகனையும் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தில் ஓட்டத்தைப் பற்றிக்கொண்டவர். 2000-இல், எண்பத்தொன்பதாம் வயதில், லண்டன் மராத்தான் ஓடினார். 2011-இல் டொராண்டோவில் நூறு வயதுக்காரராக. (பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று கின்னஸ்காரர் ஏற்கவில்லை. நம் பாட்டனார் எத்தனை பேருக்கு அது இருந்தது?) 2013-இல் ஹாங்காங்கில் பந்தயங்களை நிறுத்தினார். பிறகும் நடந்துகொண்டே இருந்தார். 2025 ஜூலையில் சொந்தக் கிராமத்தருகே கார் மோதி இறந்த அன்றும் காலாறத்தான் வெளியே போயிருந்தார். பந்தயம் போன பின்னும் அவரிடம் பன்னிரண்டு வருடம் தங்கியிருந்தது எது?

கால் மறுக்கும்போது மனம் எழுப்புகிறதே, அதுதான் என்று எண்ணுகிறேன். அது முழங்காலில் இருப்பதில்லை. ஆயினும் செயல் நெடுங்காலம் நின்றால் பழக்கமும் தேயும் என்று அதே அர்ச். தோமாஸ் எச்சரிக்கிறார். ஆகவே "ஒன்றும் குறையாது" என்று அவருக்குப் பொய்யாறுதல் சொல்ல மனம் வரவில்லை. எழும் நேரத்தை மட்டும் விடாதேயும் என்றேன்.

இப்போது காலை ஐந்தரைக்கு மகள் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடுகிறாள். தகப்பனார் சுவரோரம் கைக்கடிகாரத்தோடு நின்று, ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் சொல்கிறார். அவர் சத்தம் கோயில்வரை கேட்கிறது. சற்று மெதுவாகச் சொல்லும்படி மகளே என்னிடம் சிபாரிசுக்கு வந்திருக்கிறாள்.