நன்னண்பர் நினைவு பாசமாமோ?

உடம்பொடு கூடிய உயிர்க்கு நேரும் பிரிவுகளுள் நன்னண்பரைப் பிரிதல் ஒரு தனித்தன்மை உடையது. தாய் தந்தையர் உறவு பிறப்பான் அமைவது. மனைவி உறவு கரணத்தான் அமைவது. நட்போ அன்பொன்றானே அமைவது. அத்தகைய நண்பர் ஒருவர் மறைந்துழி, சித்தாந்த நூல்களைக் கற்றவர் வருந்துதல் தகுமோ, அவரை நெடுங்காலம் நினைந்திருத்தல் பாசப்பிணிப்பு ஆகாதோ என்னும் ஐயம் நம்மனோரிடையே எழுதல் உண்டு. அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

முதற்கண், ஆகும் என்பார் கூற்றினை நோக்குவாம். உயிர் என்றும் உள்ளது; உடம்பு வினைக்கீடாக வந்தது; வினை நுகர்ந்து கழிந்தவழி அது நீங்குதல் இயல்பு. நீங்கிய உயிர் வினைக்கேற்ப வேறுடம்பு எய்தும். பக்குவம் முதிர்ந்ததாயின் இறைவன் திருவடி கூடும். எதுவாயினும் நம் அழுகையால் அவ்வுயிர்க்கு ஆவது ஒன்றில்லை. 'என் நண்பர்' என்பதன்கண் உள்ள 'என்' என்பதே மமகாரம். ஆதலின் அந்நினைவைக் களைதலே கடன் என்பது அவர் கருத்து.

இக்கூற்று ஒருபுடை உண்மையும் ஒருபுடைக் குறையும் உடையது. 'எனக்குத் துணையாயினார் போயினார். இனி எனக்கு யாருளர்' என வருந்துங்கால், அவ்வருத்தம் தன்னையே பொருளாகக் கொண்டது. அது பாசமே, ஐயமில்லை. ஆயினும் நினைவெல்லாம் அத்தன்மையதே எனல் பொருந்தாது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது நம் சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கை. இதுபற்றியே சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் மெய்யன்பரொடு கூடியிருத்தலை வற்புறுத்தியது. அந்நூலருளிய மெய்கண்டார் எழுந்தருளியிருந்த திருவெண்ணெய்நல்லூரிலேதான் இறைவன் சுந்தரரை வலிய ஆட்கொண்டான். பின்னர்த் திருவாரூரிலே தன்னையே தோழனாகத் தந்தான். நால்வகை நெறியுள் யோகத்தைத் தோழமை நெறி என நம் முன்னோர் வழங்கினர். நட்பு விலக்கற்பாலதாயின் ஒரு நன்னெறிக்கு அப்பெயர் வாராது.

அற்றேல், பளிங்கின் அருகிருந்த மலரை எடுத்தவழி அதன் நிறமும் உடன் நீங்குமன்றே. அதுபோல நண்பர் மறைந்தபின் அவராற் பெற்ற வண்ணமும் நீங்குதலே முறையன்றோ எனின், அற்றன்று. பளிங்கு சடம், அது தானே ஒன்றைச் சாரமாட்டாது. உயிர் அறிவுடைப் பொருள். கண்முன் இல்லாத நன்மையையும் நினைவாற் சார வல்லது. நண்பருடைய உடம்பைச் சார்ந்த நினைவு அவ்வுடம்போடு அழிந்து துன்பமே எஞ்சுவிக்கும். அவருடைய நற்குணத்தைச் சார்ந்த நினைவோ நினைப்பவரிடத்து அக்குணத்தையே வளர்க்கும். இரண்டனையும் பிரித்தறிதற்கு அடையாளம் யாதெனின், அந்நினைவு பிறர்க்குப் பயன்படுஞ் செயலாக வெளிப்படுதலும் படாமையுமேயாம்.

இதற்கோர் எடுத்துக்காட்டு நம் காலத்திற்கு அணித்தாகவே உண்டு. பூவாளூர்த் தியாகராச செட்டியாரும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட ஒருசாலை மாணாக்கர். செட்டியார் ஆண்டின் மூத்தவர். கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியர் பதவியினின்று 1880-ஆம் ஆண்டில் அவர் விலகுங்கால், அவ்விடத்திற்கு ஐயரே தக்கார் எனத் துணிந்து, திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் இசைவும் பெற்று, அவரை அப்பதவியில் அமர்த்துவித்தார். 1888-இல் செட்டியார் மறைந்தார். ஐயர் செய்தது யாது? பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. அந்நாளெல்லாம் அவர் இருந்தது செட்டியார் தந்த அவ்விடத்தேயாம். 1903-இல் சென்னைக்கு மாற்றமாகி, திருவல்லிக்கேணியில் தமக்கென ஓர் இல்லம் கொண்டபோது அதற்குத் 'தியாகராச விலாசம்' என்றே பெயரிட்டார். அவ்வில்லம் 2012-இல் இடிக்கப்பட்டது. பெயர் தாங்கிய சுவர் இன்று இல்லை, நூல்கள் உள்ளன. பாசம் பற்றும் பொருளுக்கும் அன்பு நிற்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு இதனானே விளங்கும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டிய நிகழ்ச்சியையும் கூறுதல் தகும். மயிலம் தமிழ்க் கல்லூரியில் புலவர் வகுப்பில் எம்மோடு பயின்ற நண்பர் ஒருவர் அண்மையிற் கண்டமங்கலத்திற் சிவபதம் அடைந்தார். பயிலுங்காலத்து நூல் வாங்க வகையில்லாத எம்பொருட்டு, சிவஞான மாபாடியத்தின் பகுதிகளைத் தம் கைப்பட இருமுறை எழுதி, ஒருபடியைத் தாமே கொணர்ந்து தந்தவர் அவர். பின் நாற்பது ஆண்டுகளாகத் திருவாண்டார்கோயிலுக்கு வழிபாட்டிற்கு ஒருங்கு சென்றுவந்தோம். அவ்வுதவியை ஒருகாலும் அவர் வாய்திறந்து கூறியதில்லை. அவர் ஈமக்கடனன்று கண்ணீர் சொரிந்த எம்மை நோக்கி, 'சித்தாந்தம் கற்றும் அழுவதோ' என்றார் ஓர் அன்பர். அவர் வினவியது நன்றே. அவ்வினாவிற்கு விடையும் அந்நோட்டுப் புத்தகங்களே தந்தன. அவற்றைப் பட்டிற் பொதிந்து பெட்டியில் வைத்து, எடுக்குந்தோறும் அழுதல் பாசம். மாபாடியம் கற்க வரும் இளைஞர் கையில் அவற்றைக் கொடுத்து, ஏடு நைந்தாலும் பொருள் விளங்குக என விடுதல் அன்பு. இப்பொழுது அவை ஓர் இளைஞரிடத்தே உள்ளன.

ஆகலின், நண்பரை இழந்தார் அழுதல் குற்றமன்று. கண்ணீர் உடம்பின் இயல்பு. அழுதபின் எழுந்து, அவர் நமக்குச் செய்ததனை நாம் அறியாத மற்றொருவர்க்குச் செய்தல் வேண்டும். அங்ஙனஞ் செய்யுமிடத்து 'என் நண்பர்' என்பதன்கண் உள்ள 'என்' தானே கழன்றொழியும், நட்பு எஞ்சும். அறிவுடையோர் ஓர்ந்து கொள்க.

திருச்சிற்றம்பலம்.