ஊசிமுனை எண்ணெய்

டம்ளரில் காபி ஆறிக்கொண்டிருந்தது. அதன் வாயில் உட்கார்ந்திருந்த என் எஞ்சின் அசையவில்லை. சக்கரத்தை விரலால் தள்ளிவிட்டால் ஒன்றரைச் சுற்று வரும். அப்புறம் மேட்டில் ஏறாத மாடு மாதிரி நின்றுவிடும். நான் திரும்பத் திரும்ப ஒரே வைத்தியத்தைத்தான் செய்தேன்: இன்னும் ஒரு சொட்டு எண்ணெய்.

என் மேல் தப்பில்லை. கோவையில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் 31 வருஷம் இருந்தவன். அங்கே திட்டு வாங்கித்தரும் குற்றம் ஒன்றுதான், எண்ணெய் விட மறப்பது. ஒருமுறை ராத்திரி ஷிப்டில் ஒரு பேரிங் வறண்டு, தண்டு நீலம் பாய்ந்து கிடந்ததைக் காலையில் பார்த்தேன். இரும்பு அந்த நிறத்துக்கு வர 300 டிகிரி சூடாவது ஏறியிருக்க வேண்டும். அன்றைக்குப் பிடித்த பழக்கம், நீள மூக்கு எண்ணெய்க் குப்பியை ரிட்டயர் ஆன பிறகும் கை விடவில்லை.

எஞ்சின் பெரிய சமாச்சாரம் இல்லை. இரண்டு அலுமினியத் தகடு, நடுவில் பிளாஸ்டிக் வளையம், உள்ளே ஏறி இறங்கும் தெர்மோகோல் வட்டு, மேலே சக்கரத்துக்கு ஒரு பழைய சிடி. அடித்தகட்டில் காற்று சூடாகி விரியும். மேல்தகட்டில் ஆறிச் சுருங்கும். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டர்லிங் 1816-இல் காப்புரிமை வாங்கிய யோசனை. அவர் அதற்கு உலை மூட்டினார். கொஞ்சம் சூட்டிலேயே ஓடும் வகையை 1980-களில் குரோவேஷியப் பேராசிரியர் ஈவோ கோலின் ஓட்டிக் காட்டினார். என்னுடையது அந்தச் சாதி. காபி 80 டிகிரி, அறை 30 டிகிரி என்றால், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் உள்ளே போகும் வெப்பத்தில் 14 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாறாது. நிஜத்தில் கைக்கு வருவது அதிலும் கொசுறு. ஒரு கொசுவை ஏற்றினால் நின்றுவிடும் என்று பேரன் சொன்னான். அவன் சொன்னது ஏறக்குறைய சரி.

அந்தக் கொசுறைத்தான் என் எண்ணெய் தின்றுகொண்டிருந்தது.

இது எனக்குத் தெரியாததும் இல்லை, அதுதான் வெட்கம். 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக மேலே ஒரு துளை போட்டார். தண்டு சுழலும்போது எண்ணெய் உள்ளே போகவில்லை. துளை வழியாக மேலே பொங்கி வந்தது. அடைப்பு வைத்தார், அடைப்பையும் தள்ளிக்கொண்டு வந்தது. ஏன் என்பதை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். சுழலும் தண்டு எண்ணெயைத் தானே இழுத்து, தனக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆப்பு மாதிரித் திணித்து, அதன் மேல் மிதக்கிறது. எண்ணெயில் பிசுக்கு இருந்தால்தான் தண்டைத் தூக்கும். ஆனால் அந்தப் பிசுக்கை அறுத்துக்கொண்டுதான் தண்டு சுழலவும் வேண்டும். தாங்குகிற கைதான் பிடித்தும் வைக்கிறது.

எங்கள் தாத்தா மாட்டுவண்டி அச்சுக்கு, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போடுவார். பாரம் ஜாஸ்தி, வேகம் கம்மி, அதனால் கெட்டியாக வேண்டும். மில்லில் நிமிஷத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கு மேல் போகும் ஸ்பிண்டிலுக்குத் தண்ணீர் மாதிரி மெல்லிசு எண்ணெய். பாரமும் இல்லாமல் வேகமும் இல்லாமல் ஒன்று ஓடப் பார்க்கும் என்று யார் கண்டது?

பேரிங் இரண்டையும் கழற்றினேன். 3 மி.மீ. துளை, நகத்தளவு வட்டம். கம்பெனியிலேயே உள்ளே அடைத்த கிரீஸ். அதற்கு மேல் என் உபயம். இரு பக்க மூடியையும் ஊக்கு முனையால் நெம்பி எடுத்து, சின்ன மருந்துப் புட்டியில் பெட்ரோல் விட்டு ஊறப்போட்டுக் குலுக்கினேன். பெட்ரோல் டீத்தண்ணி நிறத்துக்கு வந்தது. கொட்டிவிட்டு மறுபடி, இன்னொரு தரம். காய்ந்ததும் தையல் ஊசியில் மாட்டி வாயால் ஊதினேன். கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு, மூச்சு தீர்ந்த பிறகும் நெடுநேரம் சுற்றியது. அதைக் கேட்டு ஒரு மெக்கானிக்குக்கு மனசு பதறும். எனக்கும் பதறியது.

அந்த வாரம்தான் ஓசூரிலிருந்து மகன் வந்திருந்தான். சின்னதாகப் பிரிண்டிங் யூனிட் போட்டு இரண்டு வருஷம். மை சப்ளை செய்கிறவரிடம் பேசியது நான், ஜிஎஸ்டிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது நான், மாசத்தில் நாலு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வருவதும் நான். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "நீங்க வந்தா எனக்கு ரெண்டு வேலை ஆயிருதுங்கப்பா." அவன் அம்மா அவனை அதட்டினாள். அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். முதல் வருஷம் நான் இல்லாமல் அந்த மெஷினை இறக்கியிருக்கவே முடியாது, அதையும் அவன்தான் சொன்னான். அது நிஜம், இதுவும் நிஜம்.

பேரிங்கை அப்படியே வறட்டிலும் விடக் கூடாது, துருப்பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெயில் ஊசிமுனையைத் தொட்டு, குண்டு ஒன்றின் மேல் வைத்து எடுத்தேன். சொட்டுகூட இல்லை, பளபளப்பு மட்டும். டம்ளரில் புதுசாக வெந்நீர் ஊற்றி, எஞ்சினைத் தூக்கி வைத்து, ஒரு நிமிஷம் காத்திருந்து தள்ளிவிட்டேன். சிடி தயங்கியது. மேட்டைத் தாண்டியது. அதன் வானவில் சுவரில் சுற்ற ஆரம்பித்தது. தண்ணீர் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை நிற்கவில்லை.

"ஏனுங்க, அந்தக் குப்பியில எண்ணெய் மிச்சமிருக்குதா?" என்று வாசலிலிருந்து கேட்டாள் மனைவி. "கேட்டு ஒரு வாரமா கத்துது."

அதற்கு நாலு சொட்டு விட்டேன். இரண்டு கீலுக்கும்.