நம் புகையும் அயலான் கிணறும்



நம் வீட்டு அடுப்புப் புகை பக்கத்து வீட்டுக் கூடத்தில் போய் நிறைந்தால், "புகை என் கையில் இல்லை, காற்றின் கையில் இருக்கிறது" என்று நாம் தப்பித்துக்கொள்ளலாமா? அந்தப் புகையையே ஒரு குழாய் வழியாக அவருடைய கிணற்றடிக்குக் கீழே இறக்கிவிட்டு, "இதோ, கண்ணுக்கு மறைந்துவிட்டது, இனிக் குற்றமில்லை" என்று சொல்லலாமா? முதற்கேள்விக்கு எவரும் உடனே பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்வியைப் பற்றியே இந்த வாரம் சிறிது சிந்திப்போம். அது வெறும் கற்பனைக் கேள்வி அன்று.

நிலக்கரி எரியும்போதும், சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் வேகும்போதும் கரியமிலவாயு உண்டாகிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அதை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் அது சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி சூடேறுவதற்கு இதுவே முக்கிய காரணம். ஆதலால், இந்த வாயுவை ஆலைப் புகைபோக்கியிலேயே பிடித்து, அழுத்திச் சுருக்கி, 800 மீட்டருக்கும் கீழே உள்ள பாறைக்குள் செலுத்திவிடலாம் என்பது விஞ்ஞானிகள் கண்ட ஒரு வழி. நார்வே தேசத்தார் 1996 முதல் வடகடலின் அடியில் இதைச் செய்துவருகிறார்கள். அங்கே மேலே இருப்பது கடல். நிலத்தின் அடியில் செய்தால் மேலே இருப்பது மனிதனுடைய கிணறு.

கிணற்றுக்கு என்ன கேடு வரக்கூடும்? கோலி சோடாவைக் குடித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தண்ணீரில் கரியமிலவாயு கரைந்தால் அது புளிப்பேறுகிறது. அந்தப் புளிப்பு நாவுக்கு இதம், பாறைக்கு இதமன்று. பாறையில் அசையாமல் கிடக்கும் ஆர்சனிக், ஈயம் போன்ற நச்சுப் பொருள்களை அது கரைத்துத் தண்ணீரில் சேர்த்துவிடக் கூடும். சுண்ணாம்புச் சத்துள்ள பாறையாயின் புளிப்பு ஓரளவு தணியும். ஆகவே எல்லா இடத்திலும் ஒரே அளவு கேடு வரும் என்று பயமுறுத்துவதும் நியாயமன்று.

இரண்டாவது கேடு அழுத்தத்தால் வருவது. ஆழத்தில் பெரும்பாலும் உப்புநீர் நிற்கிறது. வாயுவை உள்ளே தள்ளினால், அந்த உப்புநீர் விரிசல் வழியாகவோ பழைய துளைகள் வழியாகவோ மேலேறி நல்ல தண்ணீரோடு கலக்கலாம். நிலத்தடி நீரின் பலம் எத்தகையது என்பதை நெய்வேலியில் பார்க்கலாம். அங்கே சுரங்கத்தின் அடித்தளத்தை ஊற்று பிளந்துவிடாதபடி இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டேயிருக்கிறார்கள்.

இனி, நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிகேட்டர் என்ற ஊர் இருக்கிறது. நம் கள்ளக்குறிச்சிக் காடுகளில் விளைகிற அதே மக்காச்சோளத்தை அங்கே புளிக்கவைத்துச் சாராவி எடுக்கிறார்கள். அதில் கிளம்பும் கரியமிலவாயுவை 2011 முதல் சுமார் இரண்டு கிலோமீட்டர் ஆழத்து மணற்பாறைக்குள் செலுத்தினார்கள். வாயு எங்கே போகிறது என்று கண்காணிக்கத் தனிக் கிணறுகளும் தோண்டினார்கள். அப்படிக் காவலுக்கு வைத்த கிணறு ஒன்றின் குழாயே அரித்துப்போய், அதன் வழியாக வாயுவும் உப்புநீரும் குறித்த எல்லையைக் கடந்துவிட்டன என்ற செய்தி 2024-இல் வெளிவந்தது. குடிநீர் கெடவில்லை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அது நல்ல செய்தியே. ஆயினும் மக்கள் மனம் சமாதானமடையவில்லை. லட்சக்கணக்கானோர் நம்பியிருக்கும் மஹோமெட் நீர்ப்படுகையின் வழியே இவ்வாயுவைப் புதைக்கக் கூடாது என்று 2025-இல் அம்மாநிலம் சட்டம் செய்தது.

"இது நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கல்வராயன் மலையும் அதன் அடிவாரமும் மிகப் பழைய கெட்டிப் பாறை. வாயுவைத் தேக்கிவைக்கும் துளைகளுள்ள மணற்பாறையும், அதன்மேல் மூடிபோல் அமையும் களிப்பாறையும் இங்கே இல்லை. ஆகவே நம் கிணற்றடியில் எவரும் இதைப் புதைக்க வரமாட்டார்கள். ஆனால் கிழக்கே காவிரிப் படுகையில் அப்படிப்பட்ட பாறைகள் உண்டு. இந்தியாவில் வாயுவைப் புதைக்க ஏற்ற இடங்களை ஆராய்ந்தவர்கள் அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2022-இல் நிதி ஆயோக் இவ்வழியை நாடு முழுவதும் கைக்கொள்வது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அரியலூர்ச் சிமெண்ட் ஆலை ஒன்றில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் வாயுவைப் பிடிக்கும் திட்டம் 2019-இல் அறிவிக்கப்பட்டது.

நம் வீட்டுச் சுவரில் அரியலூர்ச் சிமெண்ட் இருக்கலாம். நம் விளக்கில் நெய்வேலி மின்சாரம் எரியலாம். அப்படியானால் புகையில் நமக்கும் பங்கு உண்டு, கிணறோ அயலானுடையது. நம் கோமுகி ஆறு மணிமுத்தாற்றோடு கூடி, வெள்ளாற்றில் கலந்து, கிழக்கே கடலை நோக்கிப் போகிறது. அந்தத் திசையில் குடியிருப்பவர்களைத்தான் அயலான் என்கிறேன்.

அப்படியானால் புதைக்கவே கூடாது என்று சொல்லிவிடலாமா? அதுவும் அவசரத் தீர்ப்பு. புதைக்காத புகை வானத்தில் அல்லவா சேருகிறது? வானமும் ஒரு பொதுக் கிணறுதான். பருவமழை தவறினால், மலைமேல் சாமையும் மரவள்ளியும் பயிரிடும் ஏழை முதலில் வாடுகிறான். அவன் எரித்த நிலக்கரி எவ்வளவு? ஆகவே ஒரு கேட்டை நீக்க இன்னொரு கேட்டை அயலான் தலையில் இறக்காதிருப்பது எப்படி என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

வாயுவைக் கல்லாகவே மாற்றிவிடும் வழியும் உண்டு. சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைக்கல், மக்னீசியம் மிகுந்த பாறையில் கரியமிலவாயு சேர்ந்து உண்டானது. இயற்கையே வாயுவைக் கல்லுக்குள் பூட்டிவைத்தது. ஐஸ்லாந்து தேசத்தில் 2012-இல் வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள். இரண்டே ஆண்டுகளுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்குமேல் கல்லாகிவிட்டது. கல்லானது தப்பி ஓடாது. ஆனால் அந்த முறைக்கு ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 25 டன் தண்ணீர் வேண்டும். சித்திரை வெயிலில் குடத்தோடு அலைகிறவர்களிடம் அந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்!

நிற்க. நியாயம் என்ன கேட்கிறது? மூன்று காரியங்கள் கேட்கிறது. முதலாவது, புதைக்க இடமிருக்கிறது என்பதற்காகப் புகையைப் பெருக்கக் கூடாது. குறைக்கக் கூடியதைக் குறைத்த பிறகே எஞ்சியதைப் பற்றிப் பேசவேண்டும். பாப்பரசர் பிரான்சிசும் 2023-இல் எழுதிய நிருபத்தில், வாயுவைப் பிடிக்கும் முறைகள் நம்பிக்கை தருவன என்று ஒப்புக்கொண்டு, மேற்பூச்சோடு நின்றுவிடும் ஆபத்தையும் எச்சரித்திருக்கிறார். இரண்டாவது, கிணற்றுக்காரனைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தொடங்குமுன் அவன் தண்ணீரைச் சோதித்து எழுதிவைக்கவும் வேண்டும். முந்திய நிலை தெரியாவிட்டால் பிந்திய கேட்டை அவன் எப்படி நிரூபிப்பான்? மூன்றாவது, புதைத்தவனே காவலும் காக்கவேண்டும். கம்பெனி இருபது வருஷத்தில் கலைந்து போகலாம். பாறைக்குள் இருப்பதோ பேரன் காலத்திலும் அங்கேயே இருக்கும். அந்தக் காவலுக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்காமல் புதைப்பது, கடனைப் பிறவாத பிள்ளையின் பேரில் எழுதுவதாகும்.

இவற்றை மற்றவர்களிடம் கேட்கும் நாம் நம் கொல்லையையும் ஒருமுறை பார்ப்போம். தண்ணீர் கிடைக்காமல் விட்டுவிட்ட ஆழ்துளைக் கிணறு மூடாமல் கிடக்கிறதா? அது குழந்தைகளுக்கு ஆபத்து; மேலும் மேலேயுள்ள அசுத்தம் ஊர்த் தண்ணீருக்கே இறங்கும் வழி. அப்படிப்பட்ட துளைகளை மூடவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே கட்டளையிட்டிருக்கிறது. உங்கள் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறை சோதித்து, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபையில் வாய்திறந்து கேளுங்கள்.

புதைத்ததெல்லாம் போய்விடுவதில்லை. கிணற்றில் வாளியை இறக்கும் ஒவ்வொருவனும், மேலே இருப்பவன் கீழே என்ன விட்டான் என்பதையே இறைத்துக் குடிக்கிறான். நாம் குடிக்கத் துணியாததை அயலான் கிணற்றடியில் வைக்கத் துணியாதிருப்போமாக.