சோர்ந்த மனத்தின் சம்மதம்

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தீவிர மனச்சோர்வு காணப்படுகிறது. கனடாவின் மான்ட்ரியலில் நான்சி ஃப்ரேசர்-ஸ்மித் குழுவினர் 222 நோயாளிகளை, அட்டாக் வந்த 5 முதல் 15 நாள்களுக்குள் பேட்டி கண்டு பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதங்களுக்குள் இறக்கும் அபாயம் மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் பல மடங்கு கூடுதல் என்று 1993இல் அவர்கள் வெளியிட்ட முடிவு சொன்னது. சாவைத் தொட்டு மீண்ட கையோடு அந்த நோயாளிகள் ஆய்வுக்குச் சம்மதித்ததால்தான் இது நமக்குத் தெரியவந்தது. ஆனால் அப்படிப்பட்ட நாள்களில் ஒருவரிடம் சம்மதம் கேட்பது முறைதானா?

ஸ்டென்ட் வைத்த மறுநாள், கட்டிலோரம் ஆய்வுச் சம்மதப் படிவம் நீட்டப்படுகிறது. படபடப்பில் இருப்பவர் முதல் பக்கத்தைத் தாண்டமாட்டார். "போடலேன்னா டாக்டர் சரியா கவனிக்க மாட்டாரோ" என்ற பயத்திலேயே கையெழுத்திடுவார். சோர்ந்திருப்பவர் "இனிமே எனக்கு என்ன பண்ணி என்ன" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். அதே விரக்தியில் "எது வேணா பண்ணிக்குங்க" என்று பேனாவை வாங்கவும் செய்யலாம். இந்தக் கடைசிச் சம்மதம்தான் அஞ்சத் தக்கது. படிவமும் அதில் சொன்ன ஆபத்தும் அவருக்குப் புரிகின்றன. தனக்கு ஆபத்து வந்தால் வரட்டும் என்று மனம் மரத்துப்போயிருக்கிறது. புரிந்ததா என்று மட்டும் கேட்பவர் கண்ணில் இது படாது.

அதற்காக இவர்களை ஆய்விலிருந்தே விலக்கிவிடுவது கருணை போலத் தோன்றும்; ஆனால் அது அநீதி. அமெரிக்காவில் 'என்ரிச்ட்' ஆய்வு, மனச்சோர்வோ ஆதரவின்மையோ உள்ள 2,481 மாரடைப்பு நோயாளிகளைச் சேர்த்து நடந்தது. உளவியல் சிகிச்சை மனச்சோர்வைத் தணித்தது; இறப்பையும் மறு மாரடைப்பையும் குறைக்கவில்லை என்று 2003இல் முடிவு வந்தது. எதிர்பார்ப்பு பொய்த்ததை அறியவும் அந்த நோயாளிகள்தான் வேண்டியிருந்தார்கள். சுவர்ப்பக்கம் திரும்பியவர்களை எண்ணாமல் விட்டால், நோய் இலேசாக உள்ளவர்களின் கணக்கே எல்லோருக்கும் மருந்தாகும்.

ஆகவே கேட்கத்தான் வேண்டும். கேட்கும் முறையில்தான் அறம் இருக்கிறது. சிகிச்சை தரும் மருத்துவரே படிவத்தோடு வரக் கூடாது. ஓரிரு நாள் விட்டு மறுபடி கேட்க வேண்டும். மறுத்தவரின் மனச்சோர்வுக்கும் அதே அக்கறையோடு சிகிச்சை தர வேண்டும். "போடுங்கப்பா, டாக்டரே சொல்றாரு" என்று பக்கத்தில் நிற்கும் மகன் சொல்வதும் ஒரு நெருக்குதல்தான். மகனைச் சற்று வெளியே இருக்கச் சொல்வதில் தவறில்லை.

இன்னொன்றும் உண்டு. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பி.எச்.க்யூ-9 வினாப்பட்டியலின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போவதே மேல் என்ற எண்ணமோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று கேட்கிறது. அப்படி எண்ணம் வந்ததாக ஒருவர் குறித்த தாள், வாரக் கடைசியில் கணினியில் ஏற்றக் காத்திருக்கும் காகிதக் கட்டுக்குள் கிடக்கக் கூடாது. அன்றைக்கே ஒருவர் அவர் கட்டிலருகே போய் உட்கார வழி செய்ய முடியாத குழுவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இல்லை.