ஆளில்லாத கப்பல்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு யுத்தக் கப்பலை மூழ்கடிப்பதில் பாபம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், செத்தவர் எவருமில்லை, பிறகென்ன பாபம் என்பார்கள். சரியான பதில்தான். ஆனால் அவசரமாகச் சொல்லப்படுகிற பதில்.

1988ல் வந்த 'பேட்டில்ஹாக்ஸ் 1942' தொடங்கி இன்றைய விமான ஸிமுலேட்டர்கள் வரை, இவற்றின் ருசி சுடுவதில் இல்லை; பழக்கத்தில் இருக்கிறது. டார்பிடோ விமானம் தாழ்ந்து, வேகம் குறைத்து, ஆடாமல் நேராக வர வேண்டும். கப்பல் இருக்கிற இடத்தை அல்ல, அது வந்து சேரப்போகிற இடத்தைக் குறிவைக்க வேண்டும். அத்தனை பீரங்கிகளும் தன்னையே பார்த்துச் சுடும்போது திரும்பிவிடாமல் மேலே போகும் அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் விளையாட்டு முழுவதும். என் அண்ணன் மகன் இதை வாரக்கணக்கில் பழகினான். அவன் முகத்தில் குரூரம் எதுவும் இல்லை; வர்ணம் பழகுகிற பையனின் முகம்தான். வன்முறை என்று கூச்சல் போடும் நம் பத்திரிகை நீதிமான்கள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

நிஜத்தில் அந்த அரை நிமிஷத்துக்கு ஒரு விலை இருந்தது. 1942 ஜூன் 4ந் தேதி மிட்வேயில், 'ஹார்னெட்' கப்பலிலிருந்து கிளம்பிய 15 டார்பிடோ விமானங்கள் இப்படித்தான் தாழ்ந்து நேராகப் போயின. பதினைந்தும் விழுந்தன. 30 பேரில் ஒருவர் மிஞ்சினார். ஒரு டார்பிடோகூடக் கப்பலைத் தொடவில்லை. ஸிமுலேட்டரில் விழுந்தவன் ஒரு பொத்தானை அமுக்கி மறுபடி கிளம்புகிறான். விமானியின் கண் அவனுக்குக் கிடைக்கிறது, விமானியின் உடம்பு கிடைக்கவில்லை.

அந்தக் கண் எதைப் பார்க்கிறது? ஸிமுலேட்டர் பொய் சொல்கிறது என்று குற்றம் சாட்டுபவர்களோடு நான் மாறுபடுவது இங்கேதான். அது இந்த விஷயத்தில் பொய்யே சொல்வதில்லை. மேலேயிருந்து பார்த்த நிஜ விமானிக்கும் தெரிந்தது சாம்பல் நிறத்தில் ஒரு வடிவம், பின்னால் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவே. ஆளில்லாத கப்பல் கம்ப்யூட்டரின் கண்டுபிடிப்பு அல்ல. 1921 ஜூலையில் அமெரிக்காவின் வர்ஜீனியா கரைக்கு அப்பால் ஜெனரல் மிட்செலின் விமானங்கள் 'ஆஸ்ட்ஃப்ரீஸ்லாண்ட்' என்ற ஜெர்மன் கப்பலைக் குண்டு போட்டு மூழ்கடித்தன. பெரிய யுத்தக் கப்பலை ஆகாயத்திலிருந்து அழிக்க முடியும் என்பதற்கு அது நிரூபணம். கப்பல் நங்கூரமிட்டு நின்றது, அதில் ஒருவரும் இல்லை. ஆக, இந்த வித்தை பிறந்ததே ஒரு பாவனையில்தான். இருபது வருஷங்கள் கழித்து, 1941 டிசம்பர் 10ந் தேதி, மலேயாவின் குவாந்தான் கரைக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' இரண்டையும் மூழ்கடித்தன. இவை ஓடுகிற, சுடுகிற கப்பல்கள். 840 பேர் போனார்கள். தாக்கியவர்கள் இழந்தது 3 விமானங்கள்.

சதுரங்கத்தில் யானையை வெட்டுகிறோமே, அது மட்டும் என்ன என்று கேட்கலாம். சதுரங்க யானைக்குப் பெயர் கிடையாது. ஸிமுலேட்டரோ பெயர் சொல்கிறது, தேதி சொல்கிறது, பீரங்கிக் கோபுரத்தின் அளவு பிசகினால் வெட்கப்படுகிறது. இத்தனை விசுவாசமும் இரும்புக்கு. 'யமாட்டோ' என்று பெயரிட்ட பிறகு அதில் இருந்தவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட ஒருவனுக்கு உரிமை உண்டா? என் கேள்வி இதுதான். பரணியைப் பாருங்கள். யுத்தத்தைக் கொண்டாடுகிற கவிதைதான், சந்தேகமில்லை. ஆனால் பேய்கள் கூழ் அடுவதற்காவது அங்கே பிணங்கள் கிடக்கின்றன. களத்தைத் துடைத்துவிட்டுக் கொண்டாட ஜெயங்கொண்டாருக்குத் தோன்றவில்லை.

1945 ஏப்ரல் 7ந் தேதி யமாட்டோவின் இடப்புறத்தில் டார்பிடோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்தன. கப்பல் சாய்ந்தது. நிமிர்த்துவதற்காக வலப்புறத்து எஞ்சின் அறையிலும் கொதிகலன் அறைகளிலும் கடல்நீரை விட உத்தரவாயிற்று. உள்ளே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை மூழ்கடித்தது எதிரியல்ல, அவர்களுடைய கப்பலே. மேலே வட்டமிட்டவர்களுக்குச் சாய்வு சற்றுத் தாமதப்பட்டதாகத் தெரிந்திருக்கலாம். அதுவும் பயன்படவில்லை, அன்று பிற்பகலே கப்பல் கவிழ்ந்து வெடித்தது. சுமார் 3,000 பேர் இறந்தார்கள்.

இதை நாம் உள்ளேயிருந்து அறிய முடிவது அன்று கப்பலின் மேல்தளத்தில் இருந்து பிழைத்த யோஷிதா மித்ஸுரு என்ற இளம் அதிகாரியால். யுத்தம் முடிந்த சூட்டிலேயே எழுதினார்; ஆக்ரமிப்பு நிர்வாகத்தின் தணிக்கையால் தடைப்பட்டு, 1952ல்தான் முழுதாக வெளிவந்தது. பிற்பாடு அவர் ஜப்பான் வங்கியில் உத்யோகம் பார்த்தார் என்பதில் லெட்ஜர் புரட்டுகிற எனக்கு ஓர் அல்ப சந்தோஷம். எழுதியவர்கூடக் கொதிகலன் அறையில் இருந்தவரல்ல, இருந்தவர்கள் எழுதவில்லை. அந்த அறையை ஒரு ஸிமுலேட்டராக யாராவது செய்யலாம். வால்வுகளும் மானிகளும் அணு பிசகாமல் இருக்கும். ஆனால் விளையாடுகிறவனுக்கு அங்கே கொடுக்க ஒரு வேலை வேண்டுமே. தண்ணீர் வரும்வரை நெருப்பை அணையாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான் இருக்கிறது.